கியர்த் தண்டின் ஆட்டம்: இந்திய லாரிப் பழுதுபார்ப்பின் எழுதப்படாத பக்கங்கள்

இந்திய மோட்டார்த் தொழிலின் வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலையின் வாயிலோடு நின்றுவிடுகிறது. 1954இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1969இல் அந்தக் கூட்டுறவு முடிந்ததும் வண்டியின் நெற்றியிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் நீங்கி, அதன் இடத்தில் ‘டி’ என்னும் எழுத்து அமர்ந்தது. உரிமம், மூலதனம், உள்நாட்டு உதிரிபாக விகிதம், ஆண்டு உற்பத்தி என்று நூல்கள் விரிகின்றன. வாயிலைக் கடந்த லாரி அதன்பின் இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ சாலையில் உழைத்தது. மூன்று நான்கு உரிமையாளர்களின் கைமாறியது. எண்ணற்ற முறை பிரிக்கப்பட்டு மீண்டும் பூட்டப்பட்டது. இந்த நீண்ட வாழ்க்கை குறித்து வரலாற்றெழுத்தில் இருப்பது மிகச் சொற்பம்.

டேவிட் எட்ஜெர்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்டு’ என்ற நூல் இந்தக் குறையைப் பொதுநிலையில் சுட்டிக்காட்டியது. கண்டுபிடிப்பின் நாளைக் கொண்டாடும் தொழில்நுட்ப வரலாறு, பயன்பாட்டின் பல பத்தாண்டுகளை மறந்துவிடுகிறது என்பது அவருடைய வாதம். கானா நாட்டின் வாகனப் பழுதுபார்ப்பு உலகை அவர் சான்றாக எடுத்துக்கொண்டார். இந்தியாவைப் பொறுத்தவரை டேவிட் ஆர்னால்டு 2013இல் எழுதிய ‘எவ்ரிடே டெக்னாலஜி’ மிதிவண்டி, தையல் எந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகிய எளிய பொறிகளின் சமூக வாழ்வை ஆராய்ந்தது. லாரிக்கு அப்படியொரு நூல் இன்னும் தேவைப்படுகிறது. அதன் ஒரு சிறு அத்தியாயம், ஓட்டுநரின் இடக்கைக்கு அருகில் நிற்கும் ஓர் இரும்புத் தண்டைப் பற்றியதாக இருக்கலாம்.

பழைய டாடா 1210 வண்டியையோ, லேலண்டு காமெட்டையோ ஓட்டியவர்களுக்கு அந்தத் தண்டின் இயல்பு தெரியும். (1210 என்ற எண்ணின் முன்பாதி வண்டியின் மொத்த எடையை டன்னிலும், பின்பாதி குதிரைத்திறனின் பத்தில் ஒரு பங்கையும் ஏறத்தாழக் குறிக்கும்.) வண்டி புதிதாக இருக்கும்போது நியூட்ரலில் தண்டு ஓரளவே அசையும், ஒவ்வொரு கியருக்கும் உரிய பாதை கைக்குப் புலப்படும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது கஞ்சிக்குள் விட்ட கரண்டியைப்போல எல்லாத் திசையிலும் சுழலத் தொடங்கும். இரண்டாம் கியர் எங்கே, நான்காம் கியர் எங்கே என்பது அந்த வண்டியைப் பல மாதம் ஓட்டிய கைக்கு மட்டுமே தெரிந்த செய்தியாகிவிடும். பட்டறைப் பேச்சில் இதற்கு ‘ஆட்டம்’ என்று பெயர்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, தண்டின் உடற்கூற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. வெளியே தெரியும் தண்டு ஒரு நெம்புகோல். கியர்ப் பெட்டியின் மேல்மூடியில் ஒரு கிண்ணம். தண்டின் நடுவிலுள்ள உருண்டை அந்தக் கிண்ணத்தில் அமர்ந்திருக்கும். மேலிருந்து ஒரு சுருள்வில் அதை அழுத்திக்கொண்டிருக்கும். உருண்டை தன்னைத்தானே சுற்றிவிடாதபடி பக்கவாட்டில் ஒரு முளை தடுக்கும். உருண்டைக்குக் கீழே நீளும் விரல் போன்ற முனை, பெட்டிக்குள் இணையாகக் கிடக்கும் செலக்டர் தண்டுகளின் வெட்டுகளில் ஒன்றில் நுழைந்து அதை முன்னோ பின்னோ தள்ளும். தண்டோடு பிணைந்த கவை பல்சக்கரத் தொகுதியை நகர்த்தும். தள்ளிய இடத்தில் அது நிற்பதற்கு, தண்டிலுள்ள குழியில் சிறு எஃகுக் குண்டு ஒன்று வில்லின் அழுத்தத்தால் விழுந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு கியர்கள் ஒருசேர விழுந்து பெட்டி சிதறிவிடாமல் காப்பதற்குத் தண்டுகளுக்கிடையே தடை முளைகளும் உண்டு.

இதில் தேயக்கூடிய இடங்கள் பல. கிண்ணம் தேயும், உருண்டை தேயும், வில் தளரும், முளை பாதியாகும், விரல்முனை இருபுறமும் குழியும், அது நுழையும் வெட்டு அகலும், கவையின் முகம் மெலியும். மேல்முனையிலுள்ள பிடி, உருண்டையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மூன்று அடி உயரத்தில் இருப்பதால், கீழே ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் மேலே பல மில்லிமீட்டர் ஆடும். நெம்புகோலின் அதே கணக்குத்தான், தலைகீழாக. ஓட்டுநர் உணரும் ஆட்டத்தைக் கொண்டு உள்ளே இருக்கும் தேய்வை அளக்க முயலும் புதியவர் பெரும்பாலும் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

இந்த அமைப்பு இந்தியாவுக்குப் பல வழிகளில் வந்துசேர்ந்தது. 1920களின் பிற்பகுதியில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கே பூட்டும் கூடங்களை அமைத்தன. ஜெனரல் மோட்டார்ஸின் கூடம் பம்பாயின் சிவ்ரியில் 1928இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நேசநாட்டுப் படைகள் விட்டுச்சென்ற டாட்ஜ், ஷெவர்லே, ஃபோர்டு வண்டிகள் ‘டிஸ்போசல்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. போர்க்கால விமானத் தளமாக இருந்த மேற்கு வங்கத்துப் பானாகட், பிற்காலத்தில் பழைய இராணுவ வண்டிகளின் சந்தையாகவே பெயர்பெற்றது. பின்னர் குர்லாவில் பிரீமியர் கிறைஸ்லரின் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளையும், உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் பெட்ஃபோர்டையும், எண்ணூரில் அசோக் லேலண்டு காமெட்டையும் தயாரித்தன. ஜபல்பூரின் இராணுவத் தொழிற்சாலையில் மான் நிறுவனத்தின் உரிமத்தோடு சக்திமான் உருவாயிற்று. அமெரிக்க, ஆங்கில, ஜெர்மானியத் தண்டுகள் ஒரே பட்டறையின் வாசலில் அருகருகே நின்ற காலம் அது.

1953ஆம் ஆண்டின் சுங்கவரி ஆணைய அறிக்கை இந்தப் பன்மையைச் சுருக்கியது. உள்நாட்டில் தயாரிக்கும் திட்டம் இல்லாத, வெறுமனே பூட்டி விற்கும் நிறுவனங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. எஞ்சிய சிலவும் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் இயங்கின. இதன் விளைவாக மிகச் சில மாதிரிகள், பெரிய மாற்றமின்றி, பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்டன. பொருளியல் வரலாற்றாசிரியர்கள் இதைத் தேக்கம் என்கிறார்கள். வாங்குபவரின் கோணத்தில் அது சரியே. பழுதுபார்ப்பவரின் கோணத்திலோ கணக்கு வேறு. தந்தை பிரித்துப் பூட்டிய அதே மூடியை மகனும் பிரித்தார். அறிவு பழசாகவில்லை. பாகத்தின் அளவு, உலோகத்தின் தன்மை, எது முதலில் தேயும் என்ற வரிசை யாவும் ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு அப்படியே கைமாற முடிந்தது. உரிம ஆட்சியின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பக்கவிளைவைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்த அறிவின் இடங்கள் நன்கு தெரிந்தவை: டெல்லியின் காஷ்மீரி கேட், மாயாபுரி, சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர், கொல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை. பிரிவினைக்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த குடும்பங்கள் பலவும் போக்குவரத்திலும் உதிரிபாக வணிகத்திலும் வேரூன்றின. பஞ்சாபில் தச்சு, கொல்லுத் தொழில்களின் பின்புலம் கொண்ட ராம்கடியா சீக்கியர்கள் எந்திரப் பட்டறைகளிலும் லாரிக் கூண்டு கட்டுவதிலும் முன்னணியில் நின்றனர். கடைசல் எந்திரத்துக்கு இந்தியில் வழங்கும் ‘கராத்’ என்ற சொல் பாரசீக வழியாக வந்தது. கட்டில் கால் கடைந்த மரக் கடைசல்காரர்களின் பெயரான ‘கராதி’யும் அதன் கிளையே. ‘மிஸ்திரி’ போர்த்துகீசியச் சொல். தமிழில் அது ‘மேஸ்திரி’ ஆயிற்று. புஷ், பேரிங், லிவர் ஆகியவை ஆங்கிலம். தளர்ந்த தண்டைப் பற்றிய ஒரே வாக்கியத்தில் நான்கு மொழிகளின் தொழில் வரலாறு அடங்கிவிடுகிறது.

இனி வேலைக்கு வருவோம். தேர்ந்த மிஸ்திரி முதலில் தண்டைத் தொடுவதில்லை. என்ஜினை ஓடவிட்டு, வண்டியைச் சற்றே நகர்த்தி, பெட்டி முழுவதும் குலுங்குகிறதா என்று பார்ப்பார். என்ஜினையும் கியர்ப் பெட்டியையும் தாங்கும் ரப்பர் அடிகள் நைந்திருந்தால் பெட்டியே கூண்டுக்குள் ஆடும். தண்டு அதனோடு ஆடும். சில வேளை கியர் தானே கழன்றுவிடும். இந்நிலையில் தண்டை எத்தனை முறை சரிசெய்தாலும் பயன் இல்லை. கிளட்ச் முழுமையாக விடுபடாமல் கியர் கரகரத்து நுழையும் குறையும் தண்டின்மீது ஏற்றப்படுவதுண்டு. குறை எங்கே இல்லை என்று தள்ளிக்கொண்டே வருவதில்தான் வேலையின் பெரும்பகுதி கழிகிறது.

பிறகே ரப்பர் உறையை விலக்கி மூடி திறக்கப்படும். வில் தளர்ந்திருந்தால் மாற்றுவது எளிது. கிண்ணம் தேய்ந்திருந்தால் புதிது வாங்கலாம், கிடைக்காவிட்டால் கடைசலில் பித்தளையிலோ கன்மெட்டலிலோ ஒரு வளையம் கடைந்து பதிக்கலாம். கடினமானது விரல்முனை. தேய்ந்த பக்கங்களில் பற்றவைப்பால் உலோகத்தை ஏற்றி, அரைத்து, அரத்தால் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஏற்றியது குறைந்தால் ஆட்டம் நிற்காது; மிகுந்தால் முனை வெட்டில் சிக்கி, ஒரு கியரிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும் வேளையில் மாட்டிக்கொள்ளும். மேலும் தொழிற்சாலையில் அந்த முனை வெப்பமூட்டிக் கடினமாக்கப்பட்டது. பற்றவைப்பின் சூடு அந்தக் கடினத்தைக் கெடுத்துவிடும். மென்மையான சாதாரணக் கம்பியால் ஏற்றிய உலோகம் சில மாதங்களில் மீண்டும் குழியும். தேய்வைத் தாங்கும் கடினக் கம்பி விலை கூடியது, அரைப்பதற்கும் கடினம். எந்தக் கம்பி என்பதைத் தீர்மானிப்பவர் வண்டியின் உரிமையாளர். அதன் விளைவைத் தீர்மானிப்பது சாலை.

வட இந்தியப் பட்டறைப் பேச்சில் ‘பக்கா’ வேலைக்கும் ‘கச்சா’ வேலைக்கும் உள்ள வேறுபாடு இங்கே பொருள் பெறுகிறது. காலிப்பரால் அளந்து, கடினக் கம்பியால் ஏற்றி, வெட்டில் பொருத்திப் பார்த்து மூடுவது பக்கா. தேய்ந்த கிண்ணத்துக்கு அடியில் ஒரு வாஷரைத் திணிப்பதும், கியர் கழலாமல் இருக்கத் தண்டை டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டுவதும் கச்சா. 2012இல் வெளியான ‘ஜுகாத் இன்னொவேஷன்’ போன்ற மேலாண்மை நூல்களுக்குப் பின், இந்தியப் பட்டறையில் நடக்கும் எல்லாவற்றையும் ‘ஜுகாத்’ என்ற ஒற்றைச் சொல்லால் புகழ்வது வழக்கமாகிவிட்டது. இந்தப் புகழ்ச்சி மிஸ்திரிக்கு இழைக்கப்படும் அநீதி. ரப்பர்க் கட்டையும், நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கவனித்துக் கடையும் வளையத்தையும் ஒரே பையில் போடுவது, நாட்டு வைத்தியத்தையும் அறுவைச் சிகிச்சையையும் ‘சாமர்த்தியம்’ என்று ஒரே பெயரால் அழைப்பதற்கு ஒப்பாகும். முறையான பயிற்சி, நீண்ட ஊழியம், உலோகங்களைப் பற்றிய தெளிவான அறிவு ஆகியவற்றால் விளைந்த திறன் அந்தச் சொல்லுக்குள் வெறும் சமயோசிதமாகச் சுருங்கிவிடுகிறது.

எனினும் மறுபுறமாகப் பட்டறையைப் புனிதப்படுத்துவதும் சரியாகாது. அந்த நீண்ட ஊழியம் உஸ்தாத், சாகிர்த் என்ற உறவின் வழியே நிகழ்ந்தது. சாகிர்த் பெரும்பாலும் சிறுவன். பெட்டியைத் துடைப்பதும், தேநீர் வாங்கிவருவதும், வண்டிக்கு அடியில் தவழ்ந்து போல்ட்டைப் பிடிப்பதும் அவனுடைய பாடத்திட்டம். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தடைசெய்த தொழில்களின் அட்டவணையில், பற்றவைப்பு, கடைசல் உள்ளிட்ட வாகனப் பழுதுபார்ப்பும் இடம்பெற்றது. சட்டத்தை வரவேற்காமல் இருக்க முடியாது. ஆனால் பட்டறையில் சிறுவன் கற்ற இந்தக் குறிப்பிட்ட அறிவை வளர்ந்தபின் கற்பதற்கான வேறொரு வழியை அரசு உருவாக்கியதா என்ற வினா இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடம் கியர்ப் பெட்டியின் பாகங்களைக் கற்பிக்கிறது; தேய்ந்த பாகத்தை மீட்கும் கலை அங்கே விளிம்பில்தான் நிற்கிறது.

இவ்வளவு தெளிவாகத் தீர்க்கக்கூடிய குறை ஏன் இத்தனை லாரிகளில் தீர்க்கப்படாமல் கிடந்தது? விடை பொறியியலில் இல்லை. இந்திய லாரித் தொழிலில் ஓட்டுநரும் உரிமையாளரும் பெரும்பாலும் வேறுவேறு ஆட்கள். டயர் வெடித்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வாடகை நிற்கும். ஆகவே டயருக்குப் பணம் உடனே வரும். தண்டு ஆடினால் வண்டி நிற்பதில்லை. ஓட்டுநரின் மணிக்கட்டும் தோளும் அந்த ஆட்டத்தை ஈடுகட்டிக்கொள்ளும். வண்டியை ஒருநாள் நிறுத்தி மூடியைத் திறப்பதற்கு ஆகும் செலவு கூலியைவிட இழந்த நடையில்தான் அதிகம். 1975இல் தேசிய பர்மிட் திட்டம் வந்து வண்டிகள் மாநிலங்களைத் தாண்டி நெடுந்தூரம் ஓடத் தொடங்கியபின் நிறுத்தும் நாள்கள் இன்னும் அருமையாயின. தேய்வின் செலவு உரிமையாளரின் பேரேட்டிலிருந்து ஓட்டுநரின் உடலுக்கு மாற்றி எழுதப்பட்டது என்று சொல்வது மிகையாகாது. கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

அதன் விலை மலைப்பாதையில் வெளிப்படும். மும்பை, புனே இடையிலான போர் காட் போன்ற இறக்கத்தில், சுமை ஏற்றிய லாரி தாழ்ந்த கியரில், என்ஜினின் தடையால்தான் கட்டுக்குள் இறங்க வேண்டும். கவையும் பிடிகுண்டின் வில்லும் தேய்ந்த வண்டியில், ஓட்டுநர் கால் எடுத்த கணத்தில் கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடக்கூடும். என்ஜினின் தடை மறையும், வேகம் கூடும், பழைய டிரம் பிரேக்குகள் தொடர்ந்து மிதிபட்டுச் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஒருங்கிசைவு வளையங்கள் இல்லாத, அல்லது அவை தேய்ந்துவிட்ட பெட்டியில், ஓடும் வேகத்தில் தாழ்ந்த கியரை மீண்டும் போடுவதற்கு இரட்டைக் கிளட்ச் மிதித்து என்ஜின் வேகத்தை ஒப்பிட வேண்டும். தண்டின் பாதை கைக்குத் தெளிவாகத் தெரிந்தாலே அது அரிய செயல். கஞ்சிக் கரண்டியால் செய்வது ஏறத்தாழ முடியாதது. இவ்வகை விபத்து ஆவணத்தில் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்றோ ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்றோதான் பதிவாகும். விபத்துப் புள்ளிவிவரங்களை நம்பி எழுதும் ஆய்வாளர் இந்த வகைப்படுத்தலைச் சற்று ஐயத்தோடு அணுகுவது நல்லது.

வண்டியின் வடிவம் மாறியதும் சிக்கல் கூடியது. மூக்கு நீண்ட பழைய லாரியில் கியர்ப் பெட்டி ஓட்டுநரின் காலடியிலேயே இருந்தது. தண்டு நேரே அதன் மூடியில் நின்றது. ஓட்டுநர் என்ஜினுக்கு மேலோ பக்கத்திலோ அமரும் தட்டைமுக வண்டிகள் பெருகியதும், பெட்டி அவருக்குப் பின்னால் சென்றுவிட்டது. இடையே நீண்ட கம்பிகள், உருண்டை மூட்டுகள், புஷ்கள் ஆகியவை தேவைப்பட்டன. ஒவ்வொரு மூட்டும் தேய்வதற்குரிய புதியதோர் இடம். ஐந்து மூட்டுகளில் சிறிது சிறிதாகச் சேரும் ஆட்டம் பிடியில் வந்து மொத்தமாகப் பேசும். ஆயினும் இங்கே பழுது வெளியே, கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. நைலான் புஷ் தேய்ந்தால் அதை மாற்றினால் போதும். பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. நைலானுக்குப் பதில் பித்தளை கடைந்து போடுவோரும் உண்டு. நெடுநாள் உழைக்கும் என்பது அவர்கள் வாதம். கிரீஸ் இல்லாவிட்டால் பித்தளை எதிரிலுள்ள முளையைத் தின்றுவிடும், அதிர்வையும் கைக்குக் கடத்தும் என்பது மறுவாதம். பட்டறைகளில் முடியாமல் நீளும் விவாதங்களில் இதுவும் ஒன்று. இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

இப்போது இந்த உலகம் வேகமாகக் கலைகிறது. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்தாண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021இல் பழைய வண்டிகளை உடைப்பதற்கான கொள்கை அறிவிக்கப்பட்டது. டெல்லியில் நச்சுக்காற்றைச் சுவாசிப்பவர்கள் இதற்கு எதிராக வாதிடுவது கடினம். ஆனால் பழைய வண்டிகள் பலவும் மறைந்துவிடவில்லை. கட்டுப்பாடு தளர்ந்த மாவட்டங்களுக்கு இடம்பெயர்ந்தன. அவற்றை அறிந்த மிஸ்திரிகளும் உதிரிபாகக் கடைகளும் அவற்றோடு இடம்பெயரவில்லை. பழைய வண்டி ஓரிடத்திலும் அதைச் சீர்செய்யும் கை வேறோரிடத்திலுமாகப் பிரிந்து நிற்பது, அந்த வண்டியின் பக்கத்தில் செல்லும் எல்லோருக்கும் ஆபத்து.

புதிய கனரக வாகனங்கள் பலவற்றில் கம்பியும் மூட்டும் போய்க் கேபிள் வந்துவிட்டது. முன்னோக்கிச் சாய்த்துத் திறக்கும் கூண்டுகளுக்கு அதுவே வசதி. ஓட்டுநரின் கைக்கும் இதம், அதிர்வு குறைவு. கேபிள் தளர்ந்தால் ஓரளவு திருகிச் சரிசெய்யலாம். உள்ளே நைந்துவிட்டால் முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டியதுதான். கடைசலுக்கு அங்கே வேலை இல்லை.

ஆய்வுக்குரிய மூலங்களாக எஞ்சியிருப்பவை நிறுவனங்கள் அச்சிட்ட உதிரிபாகப் பட்டியல்கள், பழுதுபார்ப்புக் கையேடுகள், கடைகளின் பில் புத்தகங்கள், முதிய மிஸ்திரிகளின் நினைவு. பட்டியலில் தண்டுக்கு ஓர் எண் உண்டு. உருண்டைக்கும் வில்லுக்கும் முளைக்கும் தனித்தனி எண்கள் உண்டு. தேய்ந்த கிண்ணத்துக்குள் கடைந்து பதித்த பித்தளை வளையத்துக்கு எந்தப் பட்டியலிலும் எண் இல்லை. மாயாபுரியில் உடைபடும் பழைய மூடிகளுக்குள், கறுத்த கிரீஸுக்கு அடியில், அத்தகைய வளையங்கள் இன்றும் கிடைக்கக்கூடும். பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போவதற்கு முன் அவற்றைப் பொறுக்கி அளந்து பதிவுசெய்வது, ஓர் அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகத் துறைக்கோ பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல.